சில்லு இருக்கிறது, பேச்சு இல்லை!

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது இடையஞ்சாவடி. செம்மண் நிலம், முந்திரித் தோப்புகள். கிழக்கே சற்றுத் தொலைவில் கடல். கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். இந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அந்த வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் கிடைத்தது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். இப்போது தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது முதல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லாமே இன்று இணையத்தில்தான். மடிக்கணினியோ ஊர்ந்து ஊர்ந்து செல்கிறது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினியை ஏற்கவில்லை. எனவே, விவரம் தெரிந்த அத்தை மகன் ஒருவன் அதில் லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவிக் கொடுக்கிறான்.

திரை ஒளிர்கிறது. விசைகள் வேலை செய்கின்றன. தமிழ் எழுத்துகள் அழகாகத் தெரிகின்றன. வேகமும் கூடியிருக்கிறது. ஆனால் வைஃபை பட்டியலைத் திறந்தால், அது வெறுமையாக இருக்கிறது! அதே மேசையில் கிடக்கும் கைப்பேசிக்கோ, முன்னறையில் உள்ள ரூட்டரின் வைஃபை நன்றாகக் கிடைக்கிறது.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், “வைஃபை சில்லு போயிடுச்சும்மா. இவ்வளவு பழசுக்குச் செலவு பண்றது வீண். புதுசு வாங்கிக்கோ” என்கிறார்.

சில்லு உண்மையில் போய்விட்டதா? நேற்றுவரை வேலை செய்த சில்லு, இயக்குதளத்தை மாற்றியதும் எப்படிக் கெட்டுப்போகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மின்காந்த அலைகள், கணினியின் உள்ளமைப்பு, அறிவை மறைத்து வைப்பதால் வரும் தொல்லை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தெரிந்துகொள்ளலாம். வாருங்கள், தேடுவோம்.

அரசு கொடுத்த இரு இயக்குதளங்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் நடந்த விழாவில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் கணினிகளை வாங்கிக் கொடுத்தது. பின்வந்த ஆண்டுகளில் பல இலட்சம் மடிக்கணினிகள் ஊர் ஊராகச் சென்றன.

இத்திட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கணினிகளில் விண்டோஸ் மட்டுமல்லாமல், ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்குதளமும் சேர்த்து வழங்கப்பட்டது. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இதை உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. டெபியன் என்னும் உலகளாவிய லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைத்தார்கள்.

கணினியோடு வந்த இயக்குதளத்தில் எல்லாப் பாகங்களும் வேலை செய்கின்றனவா என்று தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்திருப்பார். இதையே ‘அதிகாரபூர்வ ஆதரவு’ என்கிறோம். சில ஆண்டுகள் கழித்து நாமாக வேறொரு இயக்குதளத்தை, அல்லது அதே இயக்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவும்போது அந்தப் பொறுப்பு அவருக்கு இல்லை. ‘வேலை செய்யாது’ என்று அவர் சொல்லவில்லை. ‘வேலை செய்யும்’ என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். இந்த இடைவெளியில் முதலில் விழுவது பெரும்பாலும் வைஃபைதான். ஏன் அப்படி?

காற்றில் என்ன வருகிறது?

வைஃபை என்பது வானொலி போன்ற மின்காந்த அலையே. அதன் அதிர்வெண்தான் மிக அதிகம். பொதுவாகப் பயன்படும் ஓர் அலைத்தொகுதி 2,400 மெகா ஹெர்ட்சிலிருந்து 2,483.5 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ளது. அதாவது, ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள்.

இதன் அலைநீளத்தை நீங்களே கணக்கிடலாம். ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 240 கோடியால் வகுத்தால் எட்டில் ஒரு மீட்டர் கிடைக்கும். அதாவது 12.5 செ.மீ. நல்ல ஆண்டெனாவுக்கு அலைநீளத்தில் கால் பங்கு நீளம் போதும். இங்கே அது சுமார் 3 செ.மீ. ஆகவேதான் மடிக்கணினிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தேவைப்படுவதில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் மெல்லிய உலோகத் தகடாக ஆண்டெனா ஒட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து நூல் போன்ற கம்பி, திரையின் கீல் வழியாக இறங்கி, அடிப்பாகத்தில் உள்ள வைஃபை அட்டையில் சேர்கிறது. இந்த நூல் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இத்தகைய குறுகிய அலைகளோடு முதலில் விளையாடிப் பார்த்தவர்களுள் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸும் ஒருவர். சில மில்லிமீட்டர் அலைநீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, 1895-இல் கல்கத்தாவில் கம்பியின்றி ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கணினிகளைக் கம்பியின்றி இணைப்பதற்கான ‘802.11’ என்னும் பொது விதிமுறை நூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1997-இல் வெளியாயிற்று. இந்தியாவில் 2,400 மெகா ஹெர்ட்ஸ் தொகுதியில் குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி செய்தது 2005 ஜனவரியில். நாம் வீட்டில் ரூட்டர் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்காமல் இருப்பது இத்தகைய விதியால்தான்.

இந்த அலைத்தொகுதியைச் சிறு தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1-ஆம் தடம் 2,412 மெகா ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தடங்களுக்கு 5 மெகா ஹெர்ட்ஸ் கூடும். அப்படியானால் 13-ஆம் தடம் எவ்வளவு? 2,472 என்று சரியாகச் சொல்லியிருப்பீர்கள்.

பெயர் எழுதாத திருகுகள்

வைஃபை சில்லு இந்த அலைகளை உண்டாக்கி அனுப்புகிறது; வருவனவற்றைக் கேட்கிறது. ஆனால் அது தானாக ஒன்றும் செய்யாது. ‘6-ஆம் தடத்துக்குப் போ’, ‘ஆற்றலைக் குறை’, ‘இந்தச் செய்தியை அனுப்பு’ என்று ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

ஒரு பெரிய நீரேற்று நிலையத்தை எண்ணிப் பாருங்கள். சுவர் முழுதும் நூற்றுக்கணக்கான குழாய்த் திருகுகள். ஒன்றைத் திருகினால் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் போகும். மற்றொன்றைத் திருகினால் தொட்டி நிரம்பும். தவறான ஒன்றைத் திருகினால் மோட்டார் நின்றுவிடும். எந்தத் திருகின் மேலும் பெயர் எழுதவில்லை. பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் ஃபிட்டருக்கு மட்டும் எல்லாம் மனப்பாடம். அவர் விடுப்பில் போய்விட்டால்? மோட்டார் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆயினும் ஊருக்குக் குடிநீர் இல்லை!

சில்லும் இத்தகையதே. அதனுள் ‘பதிவகங்கள்’ என்னும் எண்ணிடப்பட்ட சிறு அறைகள் ஏராளம். ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணை எழுதினால் தடம் மாறும். வேறோர் அறையில் எழுதினால் ஆற்றல் மாறும். எந்த அறை எதற்கு என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் நிரலுக்கு ‘டிரைவர்’ அல்லது ‘இயக்கி’ என்று பெயர். அதுவே நம் ஃபிட்டர்.

விண்டோஸ் இயக்கி விண்டோசின் மொழியில்தான் இயக்குதளத்தோடு பேசும். லினக்சுக்கு அது புரியாது. எனவே இயக்குதளத்தை மாற்றியபோது நாம் ஃபிட்டரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டோம்! புது ஃபிட்டருக்குத் திருகுகளின் பட்டியல் வேண்டும். ஆனால் பல சில்லு நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பல ஆண்டுகள் வெளியிடவில்லை. போட்டி நிறுவனங்கள் அறிந்துகொள்ளுமே என்பது ஒரு காரணம். பட்டியல் தெரிந்தால் எவரும் அனுமதியில்லாத அதிர்வெண்ணில் அலைபரப்பிவிடலாமே என்பது மற்றொன்று. விசைப்பலகைக்கும் திரைக்கும் இந்தத் தொல்லை குறைவு. அவற்றை எந்த நிறுவனம் செய்தாலும் எளிய பொதுமுறை ஒன்றின்படி ஓரளவு இயக்கிவிடலாம். வைஃபை சில்லுக்கு அப்படி ஒரு பொதுமுறை இல்லை. காற்றில் எப்படிப் பேசவேண்டும் என்பதை 802.11 விதி சொல்கிறது. கணினியோடு சில்லு எப்படிப் பேசவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. வைஃபை முதலில் விழுவதற்கு இதுவே காரணம்.

சில்லுக்குள் இன்னொரு கணினி

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பல வைஃபை சில்லுகளுக்குள் ஒரு குட்டிக் கணினியே இருக்கிறது. மைக்ரோ வினாடிக் கணக்கில் செய்யவேண்டிய வேலைகளை அது பார்த்துக்கொள்கிறது. ஒரு செய்தி வந்து சேர்ந்தால் ‘கிடைத்தது’ என்று உடனே பதில் அனுப்ப வேண்டுமே. அதற்குப் பெரிய செயலியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அந்தக் குட்டிக் கணினிக்கும் ஒரு நிரல் வேண்டும். அதை ‘ஃபர்ம்வேர்’ என்பார்கள். செலவைக் குறைப்பதற்காக, பல சில்லுகளில் இந்த நிரலை நிலையாக எழுதி வைப்பதில்லை. மின்சாரம் வந்தவுடன் சில்லு எல்லாவற்றையும் மறந்த நிலையில் விழிக்கிறது. கணினியின் வட்டிலிருந்து ஃபர்ம்வேர் கோப்பை எடுத்து, இயக்கி அதற்கு ஊட்டுகிறது. அதன் பின்னரே சில்லு வேலையைத் தொடங்கும். கோப்பு இல்லையென்றால் இயக்கி இருந்தும் பயனில்லை.

இந்தக் கோப்பு சில்லு நிறுவனத்தின் சொத்து. அதன் மூல நிரலை யாரும் பார்க்க இயலாது; பிறர் நகலெடுத்து வழங்க நிறுவனம் அனுமதி தரவேண்டும். ‘எல்லாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய நிரல்களையே முதன்மைத் தொகுப்பில் வைப்போம்’ என்பது டெபியன் குழுவினரின் கொள்கை. எனவே அவர்கள் பல ஆண்டுகள் இத்தகைய கோப்புகளை வழக்கமான நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் நிறுவுபவர் திண்டாடினார். கடைசியில் 2022-இல் அக்குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி, கோப்புகளைத் தனிப்பிரிவாகச் சேர்க்க முடிவு செய்தனர். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை நிறுவல் வட்டிலேயே கிடைக்கின்றன.

பூட்டைத் திறந்தவர்கள்

லினக்சின் கருநிரலை 1991-இல் தொடங்கியவர் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்து உழைத்தனர். வைஃபை பூட்டைத் திறக்க அவர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர்.

முதல் வழி, மொழிபெயர்ப்பாளர். விண்டோஸ் இயக்கியையே கொண்டுவந்து, லினக்சுக்கும் அதற்கும் நடுவில் ஓர் இடைநிரலை வைப்பது. ‘என்.டி.ஐ.எஸ். ராப்பர்’ என்பது அதன் பெயர். ‘நான் விண்டோசில்தான் இருக்கிறேன்’ என்று அந்த இயக்கியை நம்பவைக்கும் தந்திரம் இது! 2000-களில் பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தவறு நேர்ந்தால் திருத்தவும் வழியில்லை.

இரண்டாம் வழி, துப்பறிதல். பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் அக்காலத்தில் ஏராளமான மடிக்கணினிகளில் இருந்தன. லினக்சுக்குத் திறந்த இயக்கி இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தனர். நிறுவனம் இயந்திர மொழியில் வெளியிட்டிருந்த இயக்கியை முதல் அணி பிரித்துப் படித்தது. ‘இந்த அறையில் இந்த எண்ணை எழுதினால் இது நடக்கிறது’ என்று குறிப்பு எழுதியது. இரண்டாம் அணி மூல இயக்கியைக் கண்ணாலும் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதியது. பிறர் நிரலை நகலெடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 2006-இல் அந்த இயக்கி லினக்ஸ் கருநிரலில் சேர்ந்தது. ஃபர்ம்வேரை மட்டும் அவர்கள் வழங்க முடியாது. எனவே, நிறுவனத்தின் இயக்கிக் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்கும் ஒரு ‘கத்தரி’ நிரலையும் எழுதிக் கொடுத்தார்கள். பயன்படுத்துபவர் தம் கணினியில் தாமே வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வழி, நிறுவனங்களின் மனமாற்றம். 2008-இல் அதெரோஸ் நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் அவ்வழிக்கு வந்தது.

இம்முயற்சியில் நினைக்க வேண்டிய ஒருவர் அமெரிக்காவின் லாரி ஃபிங்கர். பிராட்காம் இயக்கியில் 2005-ஆம் ஆண்டளவில் பணியைத் தொடங்கினார். பின்னர் ரியல்டெக் நிறுவனத்தின் சில்லுகளுக்கான இயக்கிகளைப் பேணினார். விலை குறைந்த மடிக்கணினிகளில் மிகுதியாக இருப்பவை அச்சில்லுகள். லினக்ஸ் கருநிரலுக்கு அவர் அளித்த திருத்தங்கள் 1,500-க்கும் மேல். 2024 ஜூனில் காலமானார். நம் ஊர்ப் பழைய மடிக்கணினி எதிலேனும் வைஃபை விளக்கு எரிகிறதென்றால், முன்பின் பார்த்திராத அம்மனிதரின் உழைப்பும் அதில் இருக்கக்கூடும்.

நான்கு கேள்விகள்

இப்போது இடையஞ்சாவடிக்குத் திரும்புவோம். மருத்துவர் நோயாளியை வரிசையாகச் சோதிப்பதுபோல் நாமும் நான்கு கேள்விகளைக் கேட்போம். முன்னதற்கு விடை கிடைக்காமல் பின்னதற்குப் போகக்கூடாது.

முதற்கேள்வி: சில்லு பூட்டப்பட்டிருக்கிறதா? பல மடிக்கணினிகளில் வைஃபையை அணைக்க ஒரு விசை உண்டு. சிலவற்றில் பக்கவாட்டில் சிறு தள்ளுவிசை. லினக்சில் ‘ஆர்.எஃப்.கில்’ என்னும் கட்டளை, சில்லு மென்பொருளால் அணைக்கப்பட்டிருக்கிறதா, விசையால் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று தனித்தனியே காட்டும். கை தவறி அந்த விசையை அழுத்திவிட்டு நாள்முழுதும் தேடியவர்கள் பலர்!

இரண்டாம் கேள்வி: கணினி சில்லைப் பார்க்கிறதா? ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளை, உள்ளே பொருத்தியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் தயாரித்த நிறுவனம். இரண்டாவது அந்தச் சில்லின் வகை. வண்டியின் எண் பலகையில் மாவட்டக் குறியும் வண்டி எண்ணும் இருப்பதுபோல! இவை பதினாறின் அடிமானத்தில் எழுதப்படும் நான்கிலக்க எண்கள். அப்படியானால் மொத்தம் எத்தனை நிறுவன எண்கள் இருக்கலாம்? 16-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 65,536. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அது 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. 1814 : 3290 என்று வந்தால், ராலிங்க் நிறுவனத்தின் ஆர்.டி. 3290 சில்லு என்று பொருள்.

மடிக்கணினியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட இந்த எண்களே முக்கியம். ஒரே பெயரில் விற்ற இரண்டு மடிக்கணினிகளில் வேறு வேறு வைஃபை சில்லுகள் இருப்பதுண்டு. நண்பனுக்குச் சரியான மருந்து உங்களுக்குச் சரியாக இருக்கவேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: இயக்கியும் ஃபர்ம்வேரும் சேர்ந்தனவா? கணினி விழித்தது முதல் என்னென்ன நடந்தது என்பதைக் கருநிரல் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வருகிறது. ‘டி-மெசேஜ்’ என்னும் கட்டளையால் அதைப் படிக்கலாம். ‘இன்ன கோப்பை ஏற்ற முடியவில்லை’ என்று பொருள்படும் வரி இருந்தால், கோப்பின் பெயரும் அங்கேயே இருக்கும். அதைத் தேடிப் போட்டால் வேலை முடிந்தது.

கோப்பைத் தேட இணையம் வேண்டும். இணையத்துக்குக் கோப்பு வேண்டும்! இந்த முடிச்சை அவிழ்க்க ஓர் எளிய வழி உண்டு. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, கைப்பேசியின் அமைப்பில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். அப்போது பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஒரு கம்பிவழி வலையட்டைபோல் மடிக்கணினிக்குத் தோன்றும். அதற்கான இயக்கி லினக்சில் முன்பே இருக்கிறது. கைப்பேசி இல்லாவிட்டால், வேறு கணினியில் கோப்பை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

நான்காம் கேள்வி: அலை வந்து சேர்கிறதா? சில்லும் இயக்கியும் ஃபர்ம்வேரும் சரி; ஆனாலும் பட்டியல் வெறுமை. அப்படியானால் காற்றைப் பார்க்க வேண்டும். முதலில் நாடு. அமெரிக்காவில் பொதுவாக 11 தடங்கள். நம் நாட்டில் 13. லினக்சில் நாட்டின் பெயர் அமெரிக்கா என்று இருந்து, வீட்டு ரூட்டர் 13-ஆம் தடத்தில் பேசினால், கணினி அந்தத் தடத்தைக் கேட்கவே கேட்காது. நாட்டை இந்தியா என்று மாற்றினால் போதும். அடுத்தது ஆண்டெனா.

இடையஞ்சாவடி மடிக்கணினிக்கு என்ன ஆயிற்று?

நம் மாணவி நான்கு கேள்விகளையும் கேட்டாள். விசை திறந்திருக்கிறது. பட்டியலில் ரியல்டெக் ஆர்.டி.எல். 8723 பி.இ. சில்லு தெரிகிறது. நாட்குறிப்பில் இயக்கியும் ஃபர்ம்வேரும் ஏறிவிட்டதாக எழுதியிருக்கிறது. நாட்டின் பெயரும் இந்தியாதான். குழம்பிப் போனவள், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் ரூட்டரின் பக்கத்திலேயே வைத்தாள். உடனே பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயர் வந்தது! இரண்டடி தள்ளி வைத்தாள்; மறைந்துவிட்டது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கோளாறு கற்பனையன்று. அந்தச் சில்லுள்ள அட்டையில் ஆண்டெனா மாட்ட இரண்டு இடங்கள் உண்டு. செலவைக் குறைக்க, சில மடிக்கணினிகளில் ஒரே ஓர் ஆண்டெனாவை ஓரிடத்தில் மாட்டி விற்றார்கள். எந்த இடத்தில் என்ற குறிப்பு சில்லுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது தவறாக எழுதப்பட்டுவிட்டால், லினக்ஸ் இயக்கி அதை நம்பி, ஒன்றும் மாட்டாத வெறும் முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மிக அருகிலிருந்து வரும் வலுவான அலை மட்டும் கசிந்து உள்ளே வரும். பலர் இதை அனுபவித்துச் சொன்னதன் பேரில், இயக்கியில் ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். ‘ஆண்டெனா தேர்வு’ என்ற அந்த எண்ணை 1 அல்லது 2 என்று ஒரு சிறு கோப்பில் எழுதி, கணினியை மீண்டும் தொடங்கினால் போதும். ஒன்று சரிப்படாவிட்டால் மற்றொன்று.

அவள் 2 என்று எழுதினாள். மேசையில் இருந்தபடியே வைஃபை கிடைத்தது. செலவு எதுவும் இல்லை. சில்லும் போகவில்லை.

எல்லாக் கணினிகளுக்கும் இப்படி நல்ல முடிவு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சில சில்லுகளுக்கு இன்றளவும் நல்ல இயக்கி இல்லை. அப்போது, லினக்ஸ் இயக்கி உள்ள சில்லு அமைந்த சிறு யூ.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். வாங்கும்முன் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் சில்லின் பெயரைக் கேளுங்கள். இயக்குதளத்தை மாற்றுமுன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் தவறாமல் நகல் எடுத்து வையுங்கள். யாரோ சொன்னார் என்று பொருள் தெரியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு தட்டாதீர்கள். அட்டையைப் பார்க்க மூடியைக் கழற்ற வேண்டியிருந்தால், மின்கம்பியையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே கழற்றுங்கள். ஐயம் வந்தால் கேட்பதற்கும் இடமுண்டு. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி போன்ற ஊர்களில் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழுக்கள் இருக்கின்றன.

செய்து பாருங்கள்

வைஃபை கிடைத்தபின் ஒரு சோதனை. லினக்சில் ‘ஐ.டபிள்யூ.’ என்னும் கட்டளை, வந்து சேரும் அலையின் ஆற்றலை −48 டி.பி.எம். என்பதுபோல் காட்டும். 0 டி.பி.எம். என்பது ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 10 குறையும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே −30 என்பது ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. −60 என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ரூட்டர் 100 மில்லிவாட் (20 டி.பி.எம்.) அனுப்பி, மடிக்கணினிக்கு −70 வந்தால், அனுப்பியதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் சில்லு உங்கள் பாடத்தை எழுத்துப் பிசகாமல் வாங்கித் தருகிறது!

மடிக்கணினியை ரூட்டரிலிருந்து 1, 2, 4 மீட்டர் தொலைவுகளில் வைத்து எண்ணைக் குறியுங்கள். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஆற்றல் கால் பங்காக, அதாவது 6 குறைய வேண்டும். வீட்டுக்குள் அப்படியே வராது. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் வந்து கலக்கின்றன. அதனால் கணினியை 3 செ.மீ. நகர்த்தினாலும் எண் மாறக்கூடும். ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

பிறகு, கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே வெறும் பிளாஸ்டிக் குடத்தை வைத்து அளவிடுங்கள். அதே குடத்தில் தண்ணீர் நிரப்பி மீண்டும் அளவிடுங்கள். தண்ணீர் இந்த அலைகளை நன்கு உறிஞ்சும். குடத்துக்குப் பதில் உங்கள் தம்பியை நிறுத்தினால் என்ன ஆகும்? நம் உடலிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே! மூன்று அளவீடுகளையும் அட்டவணையாக எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

‘போய்விட்டது’ என்று யாரேனும் ஒரு கருவியைத் தள்ளிவைக்கச் சொன்னால், அதைக் குப்பையில் போடுமுன் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். கெட்டுப்போனது கருவியாகவும் இருக்கலாம். அதைப் பற்றி யாரோ எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரியாகவும் இருக்கலாம்.